டைட்டில் பிளாக்கில் 1:50, பேப்பரில் 1:54: டிராயிங் வரையக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வெளியாளிடம் ஆட்டோகேட் (கணினியில் கட்டட வரைபடம் வரையும் மென்பொருள்) டிராயிங் வரையக் கொடுத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் கொடுத்த இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, ஆனால் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையே வேறு பலரும் செய்வதாகக் கேள்விப்படுகிறேன்.

வேலை பெரிதொன்றும் இல்லை. அவர்களே நேரில் வந்து அளவெடுத்து, அறையின் பிளானும் (மேலிருந்து பார்க்கும் படம்) செக்ஷனும் (குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம்) ஏ1 ஷீட்டில் 1:50 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக, தர வேண்டும். தந்தது பிடிஎஃப் மட்டும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பார்டர், டைட்டில் பிளாக் (பெயர், ஸ்கேல் விவரம் எழுதும் கட்டம்), வடக்கு அம்புக்குறி எல்லாம் இருந்தன. அதில் அலமாரி வைக்கும் இடத்துக்கு எழுதியிருந்த 2400 மி.மீ. அளவை வைத்துத் தச்சர் அலமாரியைப் பட்டறையில் செய்து முடித்தார். கொண்டுவந்து வைத்தால் இடத்துக்குள் போகவில்லை. சுவரில் டேப் போட்டுப் பார்த்தால் இருக்கிற இடமே 2315 மி.மீ.தான்!

அப்புறம்தான் ஷீட்டின் மேல் ஸ்கேலை வைத்தோம். 4200 என்று எழுதியிருந்த சுவர் 1:50க்கு 84 மி.மீ. இருக்க வேண்டும், இருந்தது 78. அதாவது 1:54. பக்கத்திலேயே இருந்த செக்ஷனில் 3000 மி.மீ. உயரம் 60 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 64 வந்தது, அது 1:47. இரண்டுக்கும் கீழே அழகாக '1:50' என்று எழுதியிருக்கிறார்கள்.

கேட்டதும் சொன்ன முதல் பதில், "பிரிண்ட் கடையில் சுருக்கியிருப்பாங்க சார்." இந்தப் பதிலை யாரும் நம்பாதீர்கள், ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். கடையில் 'ஃபிட்' (படத்தைப் பேப்பருக்குள் அடக்கும் தேர்வு) போட்டுச் சுருக்கினால் ஷீட்டில் உள்ள எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கும், பார்டர் உட்பட. பிடிஎஃப்பின் பிராப்பர்ட்டீஸில் பக்க அளவு 841 x 594 என்று ஏ1 அளவு சரியாகவே இருந்தது, பேப்பரில் பார்டரையும் அளந்தோம், அதுவும் சரி. பார்டர் சரியாக இருந்து உள்ளே இருக்கும் படங்கள் மட்டும் ஆளுக்கொரு ஸ்கேலில் இருந்தால் கடைக்காரர் மேல் தப்பே இல்லை, லேஅவுட்டில் (ஆட்டோகேடில் பிரிண்டுக்கான பக்கம்) வியூபோர்ட்டை (வரைந்த படத்தை ஒரு ஸ்கேலில் காட்டும் ஜன்னல்) ஒழுங்காக வைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து "யூனிட் மாறியிருக்கும்" என்றார்கள். யூனிட் மாறினால் 1000 மடங்கோ 25.4 மடங்கோ வித்தியாசம் வரும், 50 எப்படி 54 ஆகும்?

டிடபிள்யூஜி ஃபைலைக் (ஆட்டோகேடில் வரைந்த மூல ஃபைல்) கேட்டேன். அதற்குத் தனியாகப் பணம் வேண்டுமாம். நிறையச் சண்டை போட்ட பிறகுதான் அனுப்பினார்கள்.

திறந்து பார்த்தால் வயிறு எரிந்தது. பிளான் வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்துப் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தால் கஸ்டம் ஸ்கேல் 0.0186 என்று இருக்கிறது, 1:50 என்றால் அங்கே 0.02 (1 ÷ 50) இருக்க வேண்டும். செக்ஷனில் 0.0213. எந்த வியூபோர்ட்டும் லாக் செய்யப்படவில்லை. லாக் செய்யாத வியூபோர்ட்டுக்குள் டபுள் கிளிக் செய்து மவுஸ் சக்கரத்தை லேசாக உருட்டினாலே ஸ்கேல் மாறிவிடும், இது ஆட்டோகேட் தெரிந்த யாருக்கும் தெரியும். படம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை உருட்டிவிட்டு, கீழே 1:50 என்று வெறும் டெக்ஸ்ட்டாகத் தட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தை ஃபீல்டாக (தானாக மாறும் எழுத்து) வைத்து வியூபோர்ட்டோடு இணைத்திருந்தால் உண்மையான ஸ்கேல் தானாகவே வெளியே வந்திருக்கும்.

ஸ்கேல் விஷயத்தையாவது அலட்சியம் என்று சொல்லலாம். எனக்கு ஆறவே ஆறாதது அந்த 2400தான். அந்த டைமென்ஷனை (அளவுக்கோடு) கிளிக் செய்தால் மெஷர்மெண்ட் என்ற இடத்தில் 2315 என்று இருக்கிறது, அதாவது சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள், சரியாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே டெக்ஸ்ட் ஓவர்ரைடில் (உண்மை அளவுக்குப் பதிலாகக் காட்ட வேண்டியதை எழுதும் இடம்) 2400 என்று கையால் அடித்திருக்கிறார்கள். ஏன் என்று கூட்டிப் பார்த்தால் புரிந்தது: மொத்தம் 4200, பக்கத்தில் 1800, நடுவில் பைப்பை மூடிக் கட்டிய 85 மி.மீ. துருத்தல் ஒன்று. அந்தத் துருத்தலுக்கு அளவு போட மறந்திருக்கிறார்கள், கூட்டல் இடித்திருக்கிறது, அந்த 85ஐ அலமாரி இடத்தோடு சேர்த்து எழுதிக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். பேப்பரில் துருத்தல் ஒன்றரை மி.மீ. அகலத்தில்தான் தெரியும், அதுவும் சிடிபி (பிரிண்டில் கோடுகளின் தடிமனைத் தீர்மானிக்கும் ஃபைல்) எதுவும் போடாமல் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் ப்ளாட் செய்திருந்ததால் சுவர்க்கோட்டோடு கலந்துவிட்டது. தச்சர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும், பாவம். அவருடைய உழைப்பும் அத்தனை பலகையும் வீண்.

ஆகவே, பிரிண்ட் கைக்கு வந்ததும் பெரிய அளவு ஒன்று, சிறிய அளவு ஒன்று, இன்னொரு வியூவில் ஒன்று என அளந்து, எழுதியிருக்கும் எண்ணை அதனால் வகுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி தவறினால் பிரிண்ட் கோளாறு, 'ஆக்சுவல் சைஸ்' போட்டு மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். வியூவுக்கு வியூ மாறினால் வியூபோர்ட். ஒரே வியூவுக்குள்ளேயே மாறினால் எண்ணைக் கையால் அடித்திருக்கிறார்கள், உடனே வேலையை நிறுத்துங்கள். எங்கள் ஷீட்டில் 4200க்கு 54 வந்தது, 2400க்கு 56 வந்தது (பேப்பரில் 43 மி.மீ.). கூர்ந்து அளந்தால் பேப்பரிலேயே பிடிபடும்.

ஏ1 ஷீட்டை ஏ3யில் எடுத்தால் நீளம் பாதியாகும், 1:50 என்பது 1:100 ஆகிவிடும். அதனால் '1:50 @ ஏ1' என்று பேப்பர் அளவோடு எழுதச் சொல்லுங்கள், வியூவுக்குக் கீழே ஸ்கேல் பாரும் வரையச் சொல்லுங்கள், எந்த அளவில் பிரிண்ட் எடுத்தாலும் அது படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

முக்கியமாக டிடபிள்யூஜி தருவதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தரும்போது ஈ-டிரான்ஸ்மிட் (தேவையான ஃபைல்களை ஒன்றாகக் கட்டித் தரும் கட்டளை) செய்து எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்த வேறு டிராயிங்குகள்), ஃபாண்ட், சிடிபி எல்லாம் சேர்த்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கணினியில் எழுத்தும் கோடும் வேறு மாதிரி தெரியும், அதையே சாக்காகச் சொல்வார்கள். "எங்கள் உழைப்பு, ஃபைல் தரமாட்டோம்" என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்பவர்கள் உண்டு, அது அவரவர் கொள்கை. இவர்கள் அப்படிச் சொல்லவில்லை, தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு, குட்டு வெளிப்படும் நேரத்தில்தான் பணம் கேட்டார்கள்.

மீதிப் பணத்தை நான் கொடுக்கவில்லை. முன்பணம் திரும்பி வரவும் இல்லை, திருத்திய ஷீட்டும் வரவில்லை, இப்போது போனை எடுப்பதில்லை.