புதிய வாத்துகளைச் சேர்ப்பது: இரவில் விடலாமா, கம்பி வலை கட்டலாமா?

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆணும் நான்கு பெட்டைகளுமாக ஐந்து நாட்டு வாத்துகள் இருக்கின்றன. இவற்றோடு புதியவற்றைச் சேர்க்கும் வேலையை இதுவரை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை எல்லோரும் சொல்வதுபோல இருட்டிய பிறகு கொட்டிலுக்குள் விட்டேன்; இரண்டாம் முறை கம்பி வலை கட்டிப் பல நாள் பழக்கிய பிறகே ஒன்றாக்கினேன். இரண்டாவது வழியே சரி என்பது என் முடிவு. அதற்கான காரணம் சண்டையைப் பற்றியது என்பதைவிடத் தண்ணீரைப் பற்றியது என்பதால், அதை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரவில் விடும் வழக்கம் கோழி வளர்ப்பிலிருந்து வந்தது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. புதிய கோழியைக் கழியில் ஏற்றி உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பது யார் என்று பாராமல் உறங்கிவிடும், விடிந்ததும் முட்டலும் மோதலும் கொஞ்சம் குறைந்தே இருக்கும். வாத்து அப்படி அடங்குகிற பறவை அன்று. அது தரையில் படுக்கிறது, இரவிலும் விழித்து நடமாடுகிறது, நிலா வெளிச்சம் இருந்தால் இரை தேடவும் செய்கிறது. நான் முதலில் கொண்டுவந்த இரண்டு பெட்டைகளையும் இரவு ஒன்பது மணிக்கு உள்ளே விட்டபோது, கொட்டில் அடங்குவதற்குப் பதினோரு மணிக்கு மேல் ஆனது. இந்த வழியின் நன்மைகள் வெளிப்படையானவை: தனி இடம் வேண்டாம், செலவு இல்லை, ஒரே இரவில் வேலை முடிந்துவிடும்.

முடிந்ததாகத் தோன்றியதுதான் சிக்கல். கோழிகள் தீனிக்கும் கழிக்கும் சண்டையிடுகின்றன என்றால், வாத்துகள் சண்டையிடுவது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான். பழைய பெட்டைகள் புதியவற்றைத் தீனித் தட்டுக்கு விட்டன; சிமெண்டுத் தொட்டியின் விளிம்பை அவை நெருங்கிய ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டித் துரத்தின. அப்படியும் தொட்டிக்குள் இறங்கிய ஒன்றை ஆண் வாத்து பிடரியில் கவ்வி நீருக்குள் அமிழ்த்தியது. ஒரே பக்கம் படி வைத்த தொட்டி என்பதால் அதற்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது. அதன்பின் இரண்டுமே தொட்டிப் பக்கம் போகவில்லை. வாளியிலிருந்து சிந்திய நீரைக் குடித்துக்கொண்டு, முதுகில் காய்ந்த சேற்றோடு, வேலியோரமாகவே நின்றன.

நான்காம் நாள் காலையில் அவற்றில் ஒன்றின் கண்ணோரத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. வாத்து தன் தலை முழுவதையும் நீருக்குள் முக்கி எடுக்க முடிந்தால்தான் கண்ணையும் மூக்குத் துளையையும் சுத்தமாக வைத்துக்கொள்ளும். அது முடியாதபோது இப்படிப் பொருக்குக் கட்டுவது இயல்பு. ஆனால் கண்ணில் நீர் வடிந்து இமை ஒட்டிக்கொள்வது வாத்து பிளேக் நோயின் அறிகுறிகளிலும் ஒன்று. ஹெர்பீஸ் வகை வைரஸால் வரும் அந்த நோய் தொற்றிய 3 முதல் 7 நாட்களில் வெளிப்படுகிறது. வந்துவிட்டால் பட்டியில் மிஞ்சுவது சொற்பம். நான் பார்ப்பது நோயா, தொட்டியிலிருந்து துரத்தப்பட்டதன் விளைவா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நோயாக இருந்திருந்தால் அதற்குள் ஏழு வாத்துகளும் ஒரே சேற்றை மிதித்து, ஒரே நீரை அலசி முடித்திருக்கும். தனியாக ஒரு டப்பில் நீர் வைத்ததும் இரண்டு நாளில் கண் தெளிந்தது, நோய் இல்லை என்று தெரிந்தது. அது என் கெட்டிக்காரத்தனம் அன்று, அதிர்ஷ்டம்.

கம்பி வலை முறையை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். புதியவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே சொந்த நீர் இருக்கிறது. தலை முக்கும் ஆழத்தில் நீர் இருந்தும் கண் ஒட்டுகிறது, பச்சை நிறத்தில் நீராகக் கழிகிறது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறது என்றால் அதை நோயாகவே கொண்டு கால்நடை மருத்துவரை அழைக்கலாம். ஆனால் வலை கட்டியதாலேயே தொற்று தடைபடுவதில்லை. நீர் வலைக்கு அடியில் ஓடிவிடும். ஆகவே இரண்டாம் முறை வாங்கிய, காக்கி கேம்பல் என்ற முட்டை வாத்து இனத்துப் பெட்டைகள் மூன்றையும் முதல் இரண்டு வாரம் கொல்லையின் மறுகோடியில், வடிகால் பழைய கொட்டிலின் பக்கம் வராத மேட்டில் வைத்தேன். நோயிலிருந்து பிழைத்த வாத்து வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், தடுப்பூசி போட்டவையா என்று கேட்டு வாங்குவதும் இதில் சேர்த்தி.

அதற்குப் பிறகு பத்து நாள் வலைக்கு அப்பால் வைத்தேன். இங்கே ஒரு சிறு விஷயம் உதவியது: இரு பக்கத்து நீரையும் வலையை ஒட்டியே வைத்தேன். ஒரு வாத்து குளிக்கத் தொடங்கினால் மற்றவையும் குளிக்கத் தொடங்கும். மூன்றாம் நாளிலிருந்து இரு கூட்டமும் கம்பிக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. வலையை நீக்கிய அன்று ஆண் வாத்து இருமுறை துரத்தியது, பெட்டைகள் தலையை ஆட்டிக் கத்தின, அவ்வளவுதான்.

இதற்குக் கொடுத்த விலை உழைப்பு. 20 லிட்டர் டப்பைக் காலையும் மாலையும் கழுவி நிரப்புவது என்றால் நாளொன்றுக்கு 40 லிட்டர், அதுவும் இருபத்து நான்கு நாள். வாத்து நீரைப் பத்தே நிமிடத்தில் குழம்பாக்கிவிடும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த நீரை வாழைக்கு ஊற்றினேன் என்பது ஆறுதல். பக்கத்தில் கிணறோ குழாயோ இல்லாதவர்களுக்கு இந்த வழியைத் துணிந்து சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

மூன்றாவதாக, மேய்ச்சல்காரர்கள் செய்வதுபோல அறுவடை முடிந்த வயலில் இரு கூட்டத்தையும் ஒன்றாக மேயவிடும் வழியும் இருக்கிறது. சிந்திய நெல்லும் நத்தையும் நிறைந்த, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சண்டைக்கு அவசியமே எழுவதில்லை. ஆனால் அதே வாய்க்காலில் நேற்று எந்தப் பட்டி இறங்கியது என்பது நமக்குத் தெரியாது. ஐந்தாறு வாத்து வைத்திருப்பவர் அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் முட்டையிடும் பருவத்துப் பெட்டைகளை வைத்து எழுதியவை. குஞ்சுகளைச் சேர்த்த அனுபவமோ, மஸ்கோவி என்ற வாத்து வகையை வளர்த்த அனுபவமோ எனக்கு இல்லை. இரண்டாவது ஆண் வாத்தைச் சேர்ப்பதும் வேறு கதை. ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும் என்பதால் நான் அதில் இறங்கவில்லை. வலையைக் கழற்றிய பிறகு டப்பையும் எடுத்துவிடலாம் என்று ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். மாலைக்குள் காக்கி கேம்பல் மூன்றும் வேலியோரம் போய் நின்றன. இப்போது தொட்டியும் டப்பும் அததன் இடத்திலேயே இருக்கின்றன, தொட்டிக்கு மறுபக்கமும் செங்கல்லால் ஒரு படி வைத்திருக்கிறேன்.