எச்டிஎம்எல்லா, எக்ஸ்எச்டிஎம்எல்லா: பிழையின் சுமை யார் தலையில்?

தருமபுரியில் நான் எடுக்கும் கணினி வகுப்புக்குப் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் அண்ணனோ அக்காவோ படித்த பழைய பாடநூல்களோடு வருகிறார்கள். ஒன்றில் இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 4.01 இருக்கிறது, இன்னொன்றில் அதன் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் 1.0, மற்றொன்றில் எச்டிஎம்எல்5. “இதில் எதைப் படிப்பது?” என்பதுதான் முதல் கேள்வி. பெயருக்குப் பின்னால் நிற்கும் எண்ணை வைத்து விடை சொல்ல முடியாது. இந்த மொழியின் எண்கள் ஒழுங்காக ஏறி வந்தவை அல்ல.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட முதல் விவரக் குறிப்பில் இருந்தவை, பக்கத்தின் பகுதிகளை அடையாளம் காட்டும் 18 குறிச்சொற்கள். 1.0 என்று அதிகாரபூர்வமான பதிப்பே வரவில்லை. 1995இல் 2.0 வந்தது, 3.0 வரைவோடு நின்றுபோனது. 1997இல் 3.2, அதே ஆண்டின் இறுதியில் 4.0, 1999 டிசம்பரில் 4.01. அதன் பிறகு 2000 ஜனவரியில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது எக்ஸ்எச்டிஎம்எல் 1.0. ஆக, 1.0 என்ற எண்ணைத் தாங்கியது 4.01க்குப் பிந்தியது.

இரண்டிலும் குறிச்சொற்கள் ஏறக்குறைய அவையேதாம். எழுதும் விதியில்தான் வேறுபாடு. எக்ஸ்எச்டிஎம்எல், 1998இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற பொதுவான குறிமொழியின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றையும் மூட வேண்டும், பெயர்களைச் சிறிய எழுத்தில் எழுத வேண்டும், குறிச்சொல்லுக்குள் கூடுதல் விவரம் தரும் பண்புகளின் மதிப்புகளை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இவை நல்ல பழக்கங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அன்றைய கைப்பேசிகளின் நினைவகம் சிறியது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படிக்கும் நிரலை அவற்றில் அடக்குவது கடினம் என்பதால், கண்டிப்பான மொழிக்கு அப்போது நியாயமும் இருந்தது.

ஆனால் விதியை மீறினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கன்று விற்கும் ஒரு நாற்றுப்பண்ணைக்கு விலைப்பட்டியல் பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா என்று அட்டவணை போட்டாயிற்று. பண்ணையின் பெயர்ப்பலகையில் ‘அண்ட் கோ’ என்பதற்கு & குறி இருக்கிறது, அதை அப்படியே தட்டச்சு செய்துவிடுகிறோம். எக்ஸ்எம்எல் இலக்கணப்படி அது பிழை. அங்கே & தனியாக நிற்கக் கூடாது, அதற்கென உள்ள குறியீட்டைத்தான் எழுத வேண்டும். பக்கத்தைச் சர்வர் உண்மையாகவே எக்ஸ்எச்டிஎம்எல் என்ற அடையாளத்தோடு அனுப்பினால், ஃபயர்பாக்ஸ் உலாவி பக்கம் முழுவதையும் மறைத்துவிட்டு மஞ்சள் பின்னணியில் பிழைச் செய்தியை மட்டும் காட்டும். குரோம் பிழை வந்த இடம் வரை காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும். பிழை செய்தது பக்கத்தை எழுதியவர். விலை தெரியாமல் போவது, ஊத்தங்கரையில் கைப்பேசியோடு நிற்கும் விவசாயிக்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே, பொது மக்கள் பார்க்கும் பக்கத்துக்கு எக்ஸ்எச்டிஎம்எல் தகாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

“அந்த நாளில் ஆயிரக்கணக்கான தளங்கள் எக்ஸ்எச்டிஎம்எல்லில் ஓடினவே” என்று கேட்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை சர்வர்கள் சாதாரண எச்டிஎம்எல் என்ற அடையாளத்தோடுதான் அனுப்பின. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே 2011இல் 9ஆம் பதிப்பு வரும்வரை உண்மையான எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து காட்டவில்லை. எழுதியவர்கள் கண்டிப்பான விதியைப் பின்பற்றினார்கள், உலாவிகளோ பழைய பொறுமையோடு படித்தன.

இந்த நிலையில் டபிள்யூ3சி, பழைய பக்கங்களோடு பொருந்தாத எக்ஸ்எச்டிஎம்எல் 2 என்ற மொழியை நோக்கிப் போனது. 2004 ஜூனில் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா சார்ந்தவர்கள் வாட்விக் என்ற தனிக் குழுவைத் தொடங்கி எச்டிஎம்எல்லையே வளர்க்க முனைந்தார்கள். எக்ஸ்எச்டிஎம்எல் 2 பணி 2009இல் கைவிடப்பட்டது.

எச்டிஎம்எல்5 என்றதும் வீடியோ, ஆடியோ, நிரலால் படம் வரையும் கேன்வாஸ் ஆகியவற்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படிவத்தில் தொலைபேசி எண் கேட்கும் பெட்டியைத் தொட்டால் கைப்பேசியில் எண் விசைப்பலகை தானாக வர வைக்கும் வசதி, நாற்றுப்பண்ணைப் பக்கத்துக்கு அவற்றைவிடப் பயன் தரும். ஆனால் என் கணக்கில் அதன் மிகப் பெரிய சாதனை வேறு. தவறாக எழுதப்பட்ட பக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் அது படிப்படியாக வரையறுத்தது. தடித்த எழுத்துக்கான குறிச்சொல்லைத் திறந்து, உள்ளே சாய்வெழுத்தைத் திறந்து, மூடும்போது வரிசையை மாற்றிவிட்டால் என்ன செய்வது? முன்பு ஒவ்வொரு உலாவியும் தன் போக்கில் ஊகித்தது. இப்போது எல்லா உலாவிகளும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பது விதி. எக்ஸ்எச்டிஎம்எல் தண்டனையால் கொண்டுவர நினைத்த ஒழுங்கை, எச்டிஎம்எல்5 உலாவிகளின் மீது பொறுப்பைப் போட்டுக் கொண்டுவந்தது. இதை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

“6 எப்போது வரும்?” என்றும் கேட்கிறார்கள். வாட்விக் 2011இலேயே எண்ணைக் கைவிட்டுவிட்டது. டபிள்யூ3சி 2014இல் 5, 2016இல் 5.1, 2017இல் 5.2 என்று வெளியிட்டு, 2019இல் வாட்விக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று இருப்பது இடைவிடாமல் திருத்தப்பட்டுவரும் எண்ணில்லாத ஒரே தரம்.

எக்ஸ்எச்டிஎம்எல் செத்துவிடவில்லை. இன்றைய எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல் இலக்கணத்திலும் எழுதலாம், மின்னூல்களுக்கான இபப் 3 வடிவம் அதைத்தான் கேட்கிறது. தமிழ் மின்னூல் செய்ய விரும்பும் மாணவர் அதை ஐயமின்றிக் கற்கலாம். மின்னூலை வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கும் மென்பொருளில் ஓட்டிவிடலாம், பிழைச் செய்தி செய்பவரின் மேசையிலேயே நின்றுவிடும், வாசகரிடம் போகாது. கண்டிப்பு அங்கே பொருந்துகிறது.

மற்றவர்கள் எச்டிஎம்எல்லில் தொடங்கட்டும். பக்கத்தின் மொழியைச் சொல்லும் பண்பில் தமிழ் என்று குறிப்பிடுவதும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியாக்க முறையை யுடிஎஃப்-8 என்று அறிவிப்பதும் முதல் நாளிலேயே கைக்கு வரவேண்டும். திறந்ததை மூடும் பழக்கத்தைப் பழைய எக்ஸ்எச்டிஎம்எல் நூலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வரிமுறிவுக் குறிச்சொல்லின் முடிவில் அந்த நூல் போடச் சொல்லும் சாய்கோட்டை எச்டிஎம்எல் கண்டுகொள்ளாது, போட்டாலும் கெடுதல் இல்லை.