ஐந்து வருடமாக ‘பெரிய கை’ ஆட்டம்: எனக்கு எது உதவியது, எது காலை வாரியது

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே தலைகாட்ட முடியாது. எங்காவது ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்டும் போய்விடும். அப்படி ஒரு மழை நாளில்தான் எங்கள் வீட்டில் போக்கர் ஆரம்பித்தது. ரம்மி ஆடி அலுத்துப்போன ஆறு பேர். காசு கிடையாது. புளியங்கொட்டைக்கு மதிப்பு ஒன்று, அவரைக்கொட்டைக்கு ஐந்து. ஆளுக்கு 200. முதலில் காலியாகிறவர் அடுத்த வாரம் வர்க்கி வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்லைனில் பணம் கட்டி ஆட யோசனை தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் புளியங்கொட்டைக்கு இரண்டினாலும் பாதிப்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஆடும் போக்கர் வகையான டெக்ஸாஸ் ஹோல்டெமில் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்) விரிப்பார்கள்; கைக்கு இரண்டு சீட்டு. அதில் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் இந்த நான்கும் பெரிய கை. வந்தால் ஒளித்து வைக்காதே, உடனே ரெய்ஸ் செய் (பந்தயத்தை ஏற்று) என்பதுதான் நான் பிற்பாடு பிடித்து ஆடிய வழி.

முதல் வருடம் இதற்கு நேர் எதிராகத்தான் ஆடினேன். ஏஸ் ஜோடி வந்தால் பூனை மாதிரி பதுங்குவேன், எல்லோரும் உள்ளே வரட்டும் என்று. வந்தார்கள். கடைசியில் ஒருவர் ஏழு, மூன்று என்று ஒரு கண்றாவிக் கையை வைத்துக்கொண்டு இரட்டை ஜோடி காட்டுவார். கணக்கு எளிது: ஏஸ் ஜோடி ஒரே ஒருவரை எதிர்த்து நின்றால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் இருந்தால் 56. ஐந்து பேர் என்றால் பாதிகூடத் தேறாது. ஏஸ் ஜோடி வருவதே 221 கைக்கு ஒரு முறை. நாங்கள் ஒரு சாயங்காலத்தில் எழுபது, எழுபத்தைந்து கை ஆடுவோம், ஆக மூன்று ஞாயிற்றுக்கு ஒரு தடவை. அதையும் ஊருக்குப் பந்தி வைத்தால் எப்படி?

அப்புறம் ரெய்ஸ் செய்ய ஆரம்பித்தேன். சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைதான் பிளைண்ட்; அதில் பெரியதைப் போல மூன்று மடங்கு ஏற்று என்பார்கள். எங்கள் பிளைண்ட் 1, 2; ஆக 6. அந்த அளவு எங்கள் மேசையில் செல்லுபடியாகவில்லை. ஆறு கொட்டைக்குப் பயந்து சீட்டைக் கீழே வைக்க எங்கள் ஆட்கள் யாரும் தயாரில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாத ராத்திரி. என் கையில் கிங் ஜோடி, இஸ்பேடும் டைமண்டும். 6 என்றேன். நான்கு பேர் உள்ளே வந்தார்கள், நடுவில் 30. ஃபிளாப்பில் ஆர்ட்டின் ஏஸ், 9, 4. எதிரே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு 15 வைத்தார். மற்றவர்கள் சீட்டைக் கீழே வைத்து விலகிவிட்டார்கள், நான் கால் (அவர் வைத்த அளவே வைப்பது). டர்னில் 7. அவர் 40. நான் கால். ரிவரில் 2. மிச்சமிருந்த 139-ஐயும் கேட்டார். கிங் ஜோடியை எப்படி விடுவது என்ற வீம்பில் மொத்தத்தையும் தள்ளினேன். அவர் கையில் ஏஸும் ஐந்தும்.

“தம்பி, ஏஸ் விழுந்ததுமே உன் மூஞ்சி செத்துப்போச்சு. அப்பவே எந்திரிச்சிருக்கலாமே?” என்றார்.

எல்லோரும் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் விழுவது நூற்றுக்கு 23 முறை. அப்படி ஒரு ஏஸ் விழுந்தபின், எதிரே ஒரே ஆள் என்றால் அவரிடம் இன்னொரு ஏஸ் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. நான்கு பேர் என்றால் அது 44 சதவீதம். அதுவும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு வைத்திருந்தால்தான். நிஜத்தில் ஏஸ் வைத்திருப்பவன் முதலிலேயே விலக மாட்டான், ஆக இன்னும் கூடுதல்.

அதன் பிறகு ரெய்ஸை 12 ஆக்கினேன். ஒருவர், மிஞ்சினால் இருவர் வருவார்கள். ஆனால் ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. நான் 12 வைத்தால் பெரிய கை, 4 வைத்தால் சும்மா என்று மச்சான் கண்டுபிடித்துவிட்டான். 12 என்று சொன்னால் மொத்த மேசையும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்க எழுந்துவிடும். இப்போது எட்டின் ஜோடியோ ஏஸ் ஜோடியோ, ஆடுவதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே 12தான். இந்த ஒரு மாற்றம்தான் எனக்கு அதிகப் பலன் தந்தது.

இன்னொரு வேடிக்கை. ஆரம்பத்தில் காகிதச் சீட்டுக்கட்டு. இந்த ஊர் ஈரத்துக்கு அப்பளம் மாதிரி நமுத்துப்போய், கிளாவர் ஏஸின் மூலை மடிந்துவிட்டது. அது யார் கைக்குப் போனாலும் எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் கட்டு வாங்கும் வரை ஏஸ் ஜோடி என்பதே எங்கள் மேசையில் பாதி ரகசியம்தான்.

நான்கு கைகளில் ஏஸ்-கிங்தான் எனக்கு இன்னும் முழுசாக வசப்படவில்லை. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் அது ஜோடி இல்லை. ஃபிளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறை. ஒன்று இஸ்பேடு, ஒன்று ஆர்ட்டின் என்று இனம் சேராத ஏஸ்-கிங் குயின் ஜோடியை எதிர்த்தால் நூற்றுக்கு 43தான். ஒரு நல்லது உண்டு: உன்னிடம் ஒரு ஏஸும் ஒரு கிங்கும் இருப்பதால், எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமைய ஆறு வழிக்குப் பதில் மூன்று வழிதான், கிங் ஜோடிக்கும் அப்படியே. அதனால் ஃபிளாப்புக்கு முன் தைரியமாக ஏற்றுவேன். ஒன்றும் சேராவிட்டால் ஒரு தடவை பந்தயம் வைத்துப் பார்ப்பேன், எதிராளி பயந்து விலகாவிட்டால் நான் விட்டுவிடுவேன். பாதி நேரம் விடாமல் மாட்டிக்கொள்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாக் ஜோடியை இந்தக் கூட்டத்தில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஃபிளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வருவது நூற்றுக்கு 57 முறை. நான் சேர்ப்பதில்லை.

போன ஞாயிறு திரும்பவும் கிங் ஜோடி. 12 வைத்தேன், மாமா மட்டும் வந்தார். ஃபிளாப்பில் ஏஸ். அவர் 20 வைத்தார், நான் கால். டர்னில் ஒரு சின்ன சீட்டு, அவர் 60. கொஞ்ச நேரம் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு சீட்டைக் கீழே வைத்தேன்.

“ஏஸ் இருந்துச்சா மாமா?”

அவர் கொட்டைகளைக் கையால் வழித்து இழுத்துக்கொண்டார். தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகிக் கலைக்க ஆரம்பித்தார்.

“அந்த வர்க்கியை இப்படித் தள்ளு” என்றார்.