பிரௌனிங் ரீகான் ஃபோர்ஸ் டிரெயில் கேமரா: நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துவருமா?

இரவில் தோப்புக்குள் வந்து போவது சிறுத்தையா, காட்டுப்பன்றியா, வெறும் நாயா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கால்தடம் மட்டும் போதாது. காய்ந்த மண்ணில் தடமே விழாது. தானியங்கி கேமரா ஒன்று வேண்டும். கடைகளில் டிரெயில் கேமரா என்றும், வனத்துறையிலும் ஆய்வாளர்களிடமும் கேமரா ட்ராப் என்றும் சொல்வது இதைத்தான். பிரௌனிங் நிறுவனத்தின் ரீகான் ஃபோர்ஸ் எலைட் எச்பி5 நடுத்தர விலையில் நம்பி வாங்கக்கூடிய மாடல். ஆனால் இது அமெரிக்க மான் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அவர்களுடைய வேட்டைப் பருவம் குளிர் தொடங்கும் காலம். கூடலூரிலோ சத்தியமங்கலத்திலோ ஏப்ரல் மாதம் கட்டும்போது அதே கேமரா வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 24 மெகாபிக்சலை முதலில் மறந்துவிடுங்கள். எல்லா டிரெயில் கேமரா கம்பெனிகளும் செய்வதுதான் இது: உள்ளே இருக்கும் சென்சார் அதைவிடச் சிறியது, மீதிப் பிக்சல்களை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. படத்தின் ஃபைல் பெரிதாகும், கார்டு சீக்கிரம் நிறையும், மீசை முடி ஒன்றுகூட அதிகமாகத் தெரியாது. தெளிவுத்திறனை ஒரு படி குறைத்து வைப்பதே நல்லது. விலை உயர்ந்த ரிகானிக்ஸ் ஹைப்பர்ஃபயர் 2 எடுப்பது 3 மெகாபிக்சல் படம்தான். ஆனாலும் ஆய்வாளர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. அசைவைக் கண்டதிலிருந்து படம் எடுக்க ஆகும் நேரம் ஒன்று. ஒரு படம் எடுத்தபின் அடுத்த படத்துக்குத் தயாராகும் நேரம் இன்னொன்று. எச்பி5 மாடலில் முதலாவதை 0.1 முதல் 0.7 விநாடி வரை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒற்றையடிப் பாதையை வெட்டிக் கடக்கும் விலங்குக்கு 0.1 வையுங்கள். உப்பு நக்குமிடம், பழம் உதிர்ந்து கிடக்கும் மரத்தடி போன்ற இடங்களில் 0.4 வைத்தால் உடல் முழுவதும் சட்டத்துக்குள் வரும். அடுத்த படத்துக்கான இடைவெளி அரை விநாடி அளவில்தான். முன்னால் தாய்ப்பன்றி போய்ப் பின்னால் குட்டிகள் வரிசையாக வரும்போது இதன் அருமை தெரியும். விலை குறைந்த, பெயர் தெரியாத கேமராக்களில் முதல் விலங்கு மட்டும் பதிவாகும், பின்னால் வந்தவை கணக்கிலேயே வராது.

வெயிலில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இந்தக் கேமரா அசைவைப் பார்ப்பது கண்ணால் இல்லை, சூட்டால். முன்புறம் பால்நிறத்தில் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ், எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட சூடு ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால் சென்சார் விழித்துக்கொள்ளும். நண்பகலில் தரையும் பாறையும் விலங்கின் தோல் அளவுக்குச் சூடேறிவிட்டால் அந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். காட்டெருமையே முன்னால் போனாலும் பதிவாகாமல் போக வாய்ப்புண்டு. சிறுத்தை பெரும்பாலும் இரவில் நடமாடுவதால் இழப்பு குறைவு. செந்நாய் பகலில் ஓடும் விலங்கு. கோடையில் செந்நாய்ப் படங்கள் குறைந்தால், செந்நாய் குறைந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அதே வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சூடேறிய உண்ணிச்செடிக் கிளையும் உயரமான புல்லும் காற்றில் ஆடினால் அதையும் விலங்கு என்று எண்ணிக் கேமரா படமாக எடுத்துத் தள்ளும். கார்டு முழுக்க வெற்றுப் படம்.

இதற்கு நான்கு தீர்வுகள் உண்டு. நாள் முழுவதும் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ நோக்காமல் வடக்கு அல்லது தெற்கு நோக்கி இருக்கட்டும். மெனுவில் சென்சாரின் தூரத்துக்கு நார்மல், லாங் ரேஞ்ச் என்று இரண்டு உண்டு. கோடையில் லாங் ரேஞ்ச், ஆடிக்காற்றில் நார்மல். முன்னால் நான்கு மீட்டர் வரை புல்லையும் தொங்கும் கிளைகளையும் ஒதுக்குங்கள். வெட்டவெளியாக்கிவிடக் கூடாது, பழகிய தடம் மாறிப்போனால் விலங்கே பாதையை மாற்றிக்கொள்ளும்.

ரீகான் ஃபோர்ஸின் இரவு வெளிச்சம் லேசான செந்நிறத்தில் மினுங்கும் வகை. படம் எடுக்கும்போது விளக்குகள் கனன்று தெரியும். ஆள் நடமாட்டம் உள்ள பாதை என்றால் திருட்டுக்கு அதுவே வழிகாட்டி. அங்கே கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தரும், பிரௌனிங்கின் டார்க் ஆப்ஸ் வரிசை மேல். அதில் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும், படத்தில் புள்ளிப்புள்ளியாகக் கரகரப்பும் கூடும். இரண்டு வகையிலும் இரவில் நடக்கும் விலங்கு கொஞ்சம் கலங்கித்தான் விழும். மெனுவில் ஃபாஸ்ட் மோஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கலங்கல் குறையும், தூரமும் குறையும். நமக்கு வேண்டியது ஐந்து மீட்டருக்குள்தான் என்பதால் இது நல்ல பேரம்.

தனி விலங்கை அடையாளம் காண வேண்டும் என்றால் இந்தக் கேமராவை வாங்காதீர்கள். புலியின் வரியையும் சிறுத்தையின் புள்ளியையும் ஒப்பிட, அசைவை உறையவைக்கும் வெள்ளைப் பளிச்சொளி வேண்டும். அதற்கு செனான் ஃபிளாஷ் உள்ள கட்பேக் (Cuddeback) கம்பெனியின் கேமரா பொருத்தம். இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் அந்த வகை பரவலாகப் பயன்பட்டதற்குக் காரணமும் இதுதான். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3.48 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள், அவற்றில் புலிப் படங்கள் 76,651. ஒரு புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு என்பதால் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா. அவை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, ஒன்றின் ஒளி மற்றதன் படத்தை வெளுத்துவிடும். சற்றுத் தள்ளிக் கட்ட வேண்டும்.

எட்டு டபுள்-ஏ பேட்டரி போடும் கேமரா இது. சாதாரண ஆல்கலைன் பேட்டரியில் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும். பகல் படம் பளிச்சென்று இருந்து இரவுப் படம் மட்டும் இருண்டு வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இரவு விளக்குதான் அதிக மின்சாரம் இழுக்கிறது. ஒருமுறை பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் கடைசிவரை ஒரே சீராகத் தரும், விலை அதிகம். அடிக்கடி போய்ப் பார்க்க முடிந்த இடத்துக்கு, மின்சாரம் தானாக வடிவது குறைவாக உள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் பேட்டரி நல்லது. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் திரையில் காட்டும் சதவீதம் குறைவாகவே தெரியும், பதற வேண்டாம். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டபுள்-ஏ அளவிலேயே 14500 என்ற பெயரில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி கடையில் கிடைக்கிறது. அச்சு அசலாக உள்ளே பொருந்தும். இரண்டரை மடங்கு வோல்டேஜ், கேமரா கருகிவிடும்.

எஸ்டி கார்டு 32 ஜிபி தாராளம். மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் போடுவதைத் தவிருங்கள், ஈரத்தில் தொடர்பு விட்டுப்போகும். ஃபார்மட் செய்வது கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே. கார்டின் பக்கவாட்டுப் பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

கட்டும் உயரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வசதியாக நெஞ்சளவில் கட்டினால் சிறுத்தையின் முதுகும் வாலும்தான் கிடைக்கும். சிறுத்தை, மான், பன்றிக்கு தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர். புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, சருகுமான் என்றால் 25. பாதைக்கும் கேமராவுக்கும் மூன்று முதல் ஐந்து மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் இரவில் உடம்பு வெள்ளையாக வெளுத்துப்போகும். விலங்கு நேராக லென்ஸை நோக்கி வந்தால் சூடு பட்டைகளைக் கடக்காது, சென்சார் தாமதமாகத்தான் விழிக்கும். ஆகவே பாதைக்குச் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் திருப்பி வையுங்கள். பின்பக்கத்து இரும்புத் தாங்கி இந்தச் சாய்வை எளிதாக்குகிறது, மரத்துக்கும் கேமராவுக்கும் இடையில் குச்சி செருகும் வேலை இல்லை. ஒல்லியான மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் மரம் ஆடினால் கேமராவுக்கு உலகமே ஆடும். கட்டி முடித்ததும் மோஷன் டெஸ்ட் என்ற சோதனை முறையில் வைத்து, விலங்கின் உயரத்துக்குக் குனிந்து தவழ்ந்து போய்ப் பாருங்கள். நிமிர்ந்து நடந்து சோதித்தால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

தேதியைத் தவறவிடாதீர்கள். அமெரிக்கக் கேமராவில் மாதம் முதலில் வரும். 05/06 என்றால் மே 6, ஜூன் 5 அல்ல. இரண்டு கேமராக்கள் இரண்டு விதமாக இருந்தால் தொகுப்பு முழுவதும் குழம்பிப்போகும். ஒவ்வொரு முறை கார்டு போட்டதும், இடத்தின் எண்ணும் நேரமும் எழுதிய அட்டையை லென்ஸ் முன் பிடித்து முதல் படம் எடுத்துவிடுங்கள்.

எறும்பு இந்தக் கேமராவின் பெரிய எதிரி. சென்சாரின் ஓரத்து இடுக்கில் முட்டையோடு குடியேறினால் அசைவு காண்பதே நின்றுபோகும். கேமராவைக் கட்டும் முன் மரத்தில் எறும்புச் சாரை இருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி வலை இரவு ஒளியில் வெள்ளைத் திரையாக விழும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ரப்பர் விளிம்பைத் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். மூடும்போது பட்டைக் கயிறு விளிம்பில் சிக்கினால் அந்த இடுக்கே தண்ணீருக்கு வழி. குரங்கு திருப்பிவிடும், கரடி கடிக்கும். யானை பிடுங்க நினைத்தால் இரும்புக் கூண்டும் உத்தரவாதம் இல்லை. யானைத்தடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே கட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பது ஓரளவு காப்பாற்றும்.

செல்போனுக்குப் படம் அனுப்பும் மாடல்களைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அமெரிக்க நெட்வொர்க்குக்கு என்றே பூட்டப்பட்டவை இங்கே வேலை செய்யாது. 2ஜி, 3ஜி மோடம் உள்ளவை ஜியோவில் இயங்காது. மலைச்சரிவில் டவரும் கிடைப்பதில்லை. தோப்பு ஓரத்துக்கு மட்டும், வைக்கப்போகும் இடத்தில் சிக்னல் பார்த்தபின் வாங்கலாம்.

அமெரிக்க விலையில் ஒரு ரிகானிக்ஸ் காசுக்கு இதில் இரண்டு வாங்கலாம். ரிகானிக்ஸ் ஐந்து ஆண்டு வாரண்டி தருகிறது, உழைப்பும் அதிகம். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் விட்டுவைக்கும் ஆய்வுக்கு அதுவே சரி. சொந்த நிலத்துக்கு ரீகான் ஃபோர்ஸ் போதும். எதை வாங்கினாலும், காப்புக்காடோ சரணாலயமோ என்றால் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் கட்டாதீர்கள், வழக்குப் பாயும். சொந்த நிலத்தில் என்றாலும் விறகுக்கும் தண்ணீருக்கும் பெண்கள் போகும் பாதையைப் பார்த்து வைக்காதீர்கள். தவறிப்போய்ப் பதிவான ஆட்களின் படங்களை அன்றே அழித்துவிடுங்கள். சிறுத்தைப் படம் கிடைத்தால் எந்தத் தோட்டம், எந்தப் பாதை என்று வாட்ஸ்அப் குழுவில் போடாமல் வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும் சொல்லுங்கள். சுருக்குக் கம்பி வைப்பவர்களும் அந்தக் குழுவில் இருக்கலாம்.