நிலவொளியில் ஒரு குதிரைப் பந்தயம்: பழைய படியா, மறு அச்சா?

இங்கிலாந்தின் இப்ஸ்விச் படைமுகாமின் அதிகாரிகள், சீருடைக்கு மேல் இரவுச் சட்டையும் தலையில் குல்லாயும் அணிந்து, நேக்டன் தேவாலயத்தை நோக்கி நள்ளிரவில் குதிரைகளை விரட்டும் கதையை ஆங்கில ஓவியர் ஹென்றி ஆல்கன் நான்கு படங்களாக வரைந்தார். ஜே. ஹாரிஸ் தகடு செதுக்க, லண்டன் ரீஜென்ட் தெருவிலிருந்த அக்கர்மன் நிறுவனம் 1839-இல் வெளியிட்டது. அப்பந்தயம் உண்மையிலேயே நடந்ததா என்பது தனிக் கேள்வி. அவற்றுள் ஒரு படத்தின் பழைய படியும் பிற்கால மறு அச்சும் அடுத்தடுத்து விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ மும்மடங்கு விலை கொடுத்துப் பழையதையே வாங்கினேன்.

மறு அச்சு மலிவானது; நான் பார்த்ததில் கறையும் இல்லை.

இரண்டின் அடியிலும் 1839 என்றே இருக்கும்; தகட்டில் வெட்டிய எழுத்து எந்த ஆண்டில் அச்சிட்டாலும் விழத்தான் செய்யும். ஆகவே பார்க்க வேண்டியது வானத்தை. அக்வாடின்ட் முறையில், செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூட்டால் ஒட்டவைத்து, அமிலத்தால் அரிக்கச் செய்கிறார்கள். அதனால் உண்டாகும் நுண்ணிய, ஆழமற்ற பள்ளங்களே சாம்பல் நிறச் சாயையைத் தருகின்றன. கோடுகள் தாங்கும் அளவுக்கு இப்பள்ளங்கள் அச்சுப் பொறியின் அழுத்தத்தைத் தாங்குவதில்லை, விரைவில் தேய்ந்துவிடும். இரவே கருப்பொருளான படத்தில் அந்தத் தேய்மானம் அப்பட்டமாகத் தெரியும். பழைய படியை உருப்பெருக்கியால் நோக்கினால் மேகங்களுக்குள் மெல்லிய வலைப்பின்னல் தெரிகிறது. இரவுச் சட்டைகளுக்கு வண்ணமே பூசவில்லை, காகிதத்தின் வெண்மையே துணியின் வெண்மை. மறு அச்சிலோ வானம் வெளிறிப்போயிருக்க, அதை மறைக்க அடர்ந்த நீலத்தை அப்பியிருந்தார்கள். அந்த நீலம் ஒரு வீரரின் தோள்பட்டை வரை வழிந்திருந்தது.

காகிதத்தை விளக்கொளியில் பிடித்தால் 'வாட்மன்' என்ற ஆங்கிலக் காகித ஆலையின் நீரடையாளமும் ஆண்டும் தெரியலாம். அது காகிதம் செய்த ஆண்டு மட்டுமே; அச்சு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதற்கு மேல் எதையும் அது நிறுவாது.

பழையதைப் பேணுவது சற்றே தொல்லைதான். சட்டத்தின் பின்புறமிருந்த மரப்பலகை காகிதத்தில் பழுப்புப் பட்டைகளைப் பதித்திருந்ததால், அதை நீக்கி அமிலமற்ற அட்டை வைத்தேன். கையால் பூசிய நீர்வண்ணம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் மாடிப்படி ஓரத்து இருட்டுச் சுவரே அதற்கு இடமாயிற்று. இதுவரை எதையும் நான் விற்றதில்லை. மறுவிற்பனை விலை குறித்து என் சொல்லை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் உண்டு என்பவர்கள் மட்டும் மறு அச்சையே வாங்கலாம்.