பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே: படம் எடுக்கலாம், பிழைப்பு நடத்த முடியாது

பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே வெளிவந்தது 2018-ல். அதற்குப் பிறகு அதே கம்பெனி 6கே (2019), உள்ளேயே என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) வைத்த 6கே ப்ரோ (2021), ஃபுல் ஃப்ரேம் 6கே (2023) என்று வரிசையாக இறக்கிவிட்டது. ஆனாலும் சேலம் பக்கம் ஒன்றிரண்டு குறும்படம் முடித்துவிட்டு, தயாரிப்பாளருக்குக் காத்திருக்காமல் முதல் முழுநீளப் படத்தைச் சொந்தமாக எடுத்துவிடலாம் என்று இறங்குகிற இயக்குநர்கள் கடைசியில் வந்து நிற்பது பழைய 4கே பாடியிடம்தான். செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகிற விலை, தியேட்டர் திரை தாங்குகிற பிம்பம். இரண்டுமே உண்மை. ஆனால் படத்துக்குப் பொருந்துகிற கேமரா, இரண்டு படங்களுக்கு நடுவில் இயக்குநருக்குச் சோறு போடுமா என்பது வேறு கேள்வி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பிம்பம். 4096 × 2160-ல் 12 பிட் ரா (சென்சார் பார்த்ததை ஏறக்குறைய அப்படியே வைக்கும் பதிவு) எழுதுகிறது. டிசிபியில் (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) ஸ்கோப், அதாவது அகலத்திரை, ஃப்ரேம் 4096 × 1716. அதாவது மேலும் கீழுமாக 444 வரி கையிருப்பு. தலைக்கு மேல் இடம் கூடிப்போன ஷாட், பூம் மைக் நுனி எட்டிப் பார்த்த ஷாட் எல்லாவற்றையும் எடிட்டில் ஏற்றி இறக்கிக் காப்பாற்றலாம். இருட்டு முதல் வெளிச்சம் வரை 13 ஸ்டாப் பிடிக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) என்று கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். என்றாலும் ஏற்காடு காபி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தடி நிழலும், இலை இடுக்கில் விழும் வெயில் திட்டும் ஒரே ஃப்ரேமில் வரும்போது இரண்டு பக்கமும் விவரம் நிற்கிறது. அந்த விலையில் அது பெரிய விஷயம்.

ஐஎஸ்ஓவில் ஒரு சூட்சுமம். இதில் 400, 3200 என்று இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (சென்சாரின் இயல்பான வெளிச்ச உணர்திறன்). 100 முதல் 1000 வரை முதல் சர்க்யூட், 1250-லிருந்து இரண்டாவது. அதனால் 1000-ல் தெரிகிற நாய்ஸ் 1250-ல் தெரியாது. சாயங்காலம் மஞ்சு இறங்கி வெளிச்சம் குறையும்போது 800, 1000 என்று படிப்படியாக ஏற்றாமல் நேராக 1250-க்குத் தாவுங்கள். அதற்கு விலை உண்டு: 1250-ல் ஹைலைட் பக்கம் இடம் குறைவு. வெள்ளை வானம் ஃப்ரேமில் பாதியை அடைத்தால் 400-ஐயே பிடித்துக்கொண்டு அப்பர்ச்சரைத் திறப்பது நல்லது.

ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தின் அளவு) முதல் நாளே 172.8-ல் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் வழக்கமான 180 டிகிரி வைத்தால் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குள் எரியும் பழைய ட்யூப்லைட் அலையலையாக ஓடும். மெனுவிலேயே 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டால் ஃப்ளிக்கர் வராத கோணங்களைக் கேமராவே காட்டும். ‘25 ஃப்ரேமில் எடுத்தால் தொல்லை இல்லையே’ என்பவர்களுக்கு: டிசிபி போடும்போது 24-க்கு மாற்ற நேர்ந்தால் ஆடியோவையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும். தொடக்கத்திலேயே 24-ல் போய்விடுங்கள். எல்லா எல்இடி பல்பும் 172.8-க்குக் கட்டுப்படாது, மலிவு பல்புகளை டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் லொகேஷனில் மாட்ட வேண்டும்.

இனி தொல்லைகள். உள்ளே என்.டி. கிடையாது. சேலம் வெயிலில் ஐஎஸ்ஓ 400, 172.8 டிகிரி என்றால் எஃப் 2.8-ல் எடுக்க ஏழு, எட்டு ஸ்டாப் என்.டி. தேவைப்படும். அவ்வளவு அடர்த்தியில் சாதாரண என்.டி. போட்டால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையும், இன்ஃப்ராரெட் குறையாமல் உள்ளே நுழையும். விளைவு, கறுப்பு பேன்ட் காபிக்கொட்டை நிறத்தில் வரும், இலைப் பச்சை வெளிறும். கிரேடிங்கில் (நிறத்திருத்தம்) இதை முழுசாக எடுக்க முடியாது, ஏனென்றால் துணிகளில் பெரும்பாலும் செயற்கை இழைதான் இப்படி மாறுகிறது, பக்கத்தில் இருக்கும் பருத்திக் கறுப்பு ஒழுங்காக இருக்கலாம். ஐஆர்-என்.டி. ஃபில்டர் வாங்குவது ஆடம்பரம் இல்லை, அதையும் பாடி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்சாருக்கு முன்னால் ஆப்டிகல் லோ பாஸ் ஃபில்டரும் (மிக நுண்ணிய கோடுகளைச் சற்று மங்கவைக்கும் கண்ணாடி) இல்லை. முகம், மலை, மரம் எல்லாம் கூர்மையாக வரக் காரணம் அதுதான். இளம்பிள்ளைச் சேலையின் நெருக்கமான கட்டத்தில் வானவில் கோடு நெளிய வைப்பதும் அதுவேதான். காஸ்ட்யூம் எடுக்கப் போகும்போது கேமராவையும் கொண்டுபோய் மிட் ஷாட் தூரத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நெளிந்தால் சேலையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முன்னால் 1/8 மிஸ்ட் ஃபில்டர் போட்டுக் கொஞ்சம் சமாளிக்கலாம்.

பேட்டரிதான் இந்தக் கேமராவின் பெயரைக் கெடுத்தது. எல்பி-இ6 ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. கையில் நிற்பது முக்கால் மணி, டூப்ளிகேட் பேட்டரி என்றால் அதுவும் இல்லை. மோசம் என்னவென்றால் டூப்ளிகேட்டில் சதவீதம் பொய் சொல்லும்: 30 என்று காட்டிக்கொண்டே அணைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த டேக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. வழி, 98 வாட் அவர் வி-மவுண்ட் (வெளியே மாட்டும் பெரிய பேட்டரி) ஒன்று, அதன் டி-டேப் மின் துளையிலிருந்து கேமராவின் இரண்டு பின் லாக்கிங் சாக்கெட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று. கேமரா சுமார் 20, 25 வாட் இழுக்கும், ஆக நாலு மணி நேரம் ஓடும். உள்ளே ஒரு எல்பி-இ6 போட்டே வைத்திருந்தால் வி-மவுண்ட் மாற்றும்போது அணையாது. மேலே எஸ்டேட்டுக்குள் சார்ஜ் போட பிளக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டு வி-மவுண்டை நிரப்பிக்கொண்டே மலை ஏறுங்கள்.

டேட்டா கணக்கு. பிளாக்மேஜிக் ரா 8:1 (எட்டில் ஒன்றாகச் சுருக்கியது) என்றால் 24 ஃப்ரேமுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 41 எம்பி. நூறு நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுத்தால் ஆயிரம் நிமிடம், சுமார் இரண்டரை டிபி. இரண்டு பிரதி என்றால் ஐந்து. 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும், ஆனால் இரண்டும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. யுஎஸ்பி-சி எஸ்எஸ்டியில் நேரடியாக எழுதலாம் என்பது இந்தக் கேமராவின் பெரிய சேமிப்பு, சிஎஃபாஸ்ட் கார்டு விலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலவீனம் அந்த சாக்கெட்தான். கேஜில் (கேமராவைச் சுற்றி மாட்டும் உலோகச் சட்டம்) கேபிள் கிளாம்ப் இல்லாமல் ஹேண்ட்ஹெல்ட் போனால் ஆட்டத்தில் இணைப்பு விட்டுப்போகும். மெனுவில் ஃப்ரேம் விழுந்தால் ரெக்கார்டிங்கை நிறுத்தும்படி வைத்துவிடுங்கள். நடிகர் அழுது முடித்த பிறகு டேக் பழுது என்று தெரிவதைவிட நடுவில் நிற்பது மேல்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: பாடி மழைக்குப் பாதுகாப்பானது அல்ல, உள்ளே ஃபேன் ஓடுகிறது, துளைகள் திறந்திருக்கின்றன. அந்தத் துளையை அடைக்கிற ட்ரைபாட் பிளேட்டும் ஆகாது, முழுசாகச் சுற்றிய பிளாஸ்டிக் கவரும் ஆகாது. குடைதான் சரி. இருபது ஹேர்பின் வளைவையும் ஏசி காரில் ஏறிப்போய் இறங்கியதும் பெட்டியைத் திறந்தால் ஜில்லென்ற கண்ணாடியில் மஞ்சு படிந்து அரை மணி போகும். கடைசி சில வளைவுகளில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் பொருளும் வெளிக்காற்றுச் சூட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் கீழே இறங்கும்போதும் அதே கதை. பெட்டியை அஸ்தம்பட்டியில் டீ குடிக்கும் இடத்தில் திறக்காமல் வீட்டில் போய்த் திறவுங்கள். ஏற்காடு ரோட்டிலேயே நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் இந்தப் பயணம். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தைக் கொடுத்த ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியது அந்த வளைவு. ஃப்ளோரும் லைட்டும் ஊருக்குள்ளேயே இருந்த காலம் அது, இப்போது லென்ஸ் செட்டுக்குக்கூட 340 கிலோமீட்டர் தள்ளி சென்னையைத்தான் கேட்க வேண்டும். பயண நாளுக்கும் வாடகை உண்டா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சவுண்டுக்கு மினி எக்ஸ்எல்ஆர் ஒன்று, 48 வோல்ட்டோடு. வழிகாட்டி ட்ராக்குக்குப் போதும். படத்துக்குத் தனி ரெக்கார்டர் வையுங்கள். 3.5 மிமீ மைக் துளையில் டைம்கோடு (படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேரக் குறியீடு) கொடுத்தால் கேமரா தானே அடையாளம் கண்டுகொள்ளும், சிங்க் வேலை பாதியாகக் குறையும்.

இனி பிழைப்பு. சேலத்தில் சுயாதீன இயக்குநரின் மாத வருமானம் பெரும்பாலும் முகூர்த்தத்திலிருந்துதான் வரும், இல்லாவிட்டால் காலேஜ், நகைக்கடை விளம்பரத்திலிருந்து. அந்த வேலைக்கு இந்தக் கேமரா உதவாது. தொடர்ந்து பின்தொடரும் ஆட்டோஃபோக்கஸ் இல்லை, பட்டனை அமுக்கினால் ஒரு தடவை பிடிக்கும், அவ்வளவுதான். சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை. இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதாது. தாலி கட்டும் நேரத்தில் கார்டு போனால் ரீடேக் கேட்க முடியுமா? எனவே கல்யாண வருமானத்தை நம்புகிறவர் சோனி எஃப்எக்ஸ்30 மாதிரி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதிலேயே படத்தையும் எடுக்கலாம், ராவின் தாராளம் மட்டும் இருக்காது. ஆசிரியர் வேலையோ கடையோ பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை படம் எடுப்பவருக்கு 4கே பாடி சொந்தமாக இருப்பது லாபம்: நடிகர் தேதி தள்ளினாலும் வாடகை ஏறாது. நெட்ஃபிளிக்ஸ் ஏற்கும் கேமராக்களின் பட்டியலில் இது இல்லையே என்று பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியல் அவர்களே பணம் போட்டு எடுக்கும் படங்களுக்கு, எடுத்து முடித்த படத்தை வாங்குவதற்கு அல்ல.

பழையதை வாங்கும்போது வி-மவுண்ட், எஸ்எஸ்டி, கிளாம்ப் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். எஸ்எஸ்டி மாட்டி அரை மணி விடாமல் ரெக்கார்ட் செய்து, நடுவில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ சாக்கெட்டில் மானிட்டர் மினுக்காமல் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். லென்ஸ் மூடியோடு 3200-ல் ஒரு கிளிப் எடுத்தால் பழுதாகி ஒளிரும் பிக்சல் தெரியும், அது பெரும்பாலும் மெனு கேலிப்ரேஷனில் சரியாகும், பேரத்தை முறிக்க வேண்டியதில்லை. கடைசியாக, புதிதாக விற்றபோது டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ (எடிட்டிங், கிரேடிங் மென்பொருள்) லைசென்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தக் கீ எழுதிய அட்டை கிடைக்கிறதா, உங்கள் கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் ஆகிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த லைசென்ஸ் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.