பட்டியலும் தையலில்லா அங்கியும்: அமெரிக்கக் கத்தோலிக்க வாக்காளர் முன்னுள்ள வழிகள்

கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் எதிர்த்து, மரண தண்டனையையும் ஏற்காமல், குடிபெயர்ந்து வருவோரை மனிதராக நடத்த வேண்டும் என்றும் சொல்கிற ஒரு வேட்பாளரை அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளும் நிறுத்துவது மிக அரிது. கத்தோலிக்கத் திருச்சபையோ இவை அனைத்தையும் ஒருசேரப் போதிக்கிறது. எனவே அந்நாட்டுக் கத்தோலிக்கர் எவரும் போதனையின் ஏதோ ஒரு பகுதியை முன்னிறுத்தித்தான் வாக்களிக்க வேண்டியிருக்கிறது. எதை முன்னிறுத்துவது என்பதில் இரண்டு வழிகள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. வாக்களிக்காமல் ஒதுங்கும் மூன்றாவது வழியும் ஓரமாக நிற்கிறது.

முதலாவது, பட்டியல் வழி. 2004ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி ‘கத்தோலிக் ஆன்சர்ஸ்’ என்ற அமைப்பு வெளியிட்ட வாக்காளர் கையேடு, கருக்கலைப்பு, கருணைக்கொலை, மனிதக் கருவை அழித்துச் செய்யும் ஸ்டெம் செல் ஆய்வு, மனிதக் குளோனிங், ஒருபால் திருமணம் ஆகிய ஐந்தையும் விட்டுக்கொடுக்க முடியாதவை என்று வகுத்தது. இதன் பின்னுள்ள வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எல்லையைக் காப்பது எப்படி என்பவற்றில் நல்லெண்ணம் கொண்டவர்களும் வேறுபடலாம். குற்றமற்ற உயிரை நேரடியாகக் கொல்வது எந்தச் சூழலிலும் சரியாகாது. அமெரிக்க ஆயர் (பிஷப்) பேரவையும் 2019இல் கருக்கலைப்பை ‘தலையாய முன்னுரிமை’ என்று குறித்தது. எனினும் அந்தச் சொல்லாட்சி ஆயர்களிடையிலேயே வெளிப்படையான விவாதத்தை எழுப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வழிக்குக் குரல் கொடுத்தவர் சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின். 1983 டிசம்பரில் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவர் கருக்கலைப்பையும் அணு ஆயுதப் போரையும் மரண தண்டனையையும் ஒரே உயிர்மதிப்பின் இழைகளாகக் கண்டார். ஒரே துண்டாக நெய்யப்பட்ட, இயேசுவின் தையலில்லா அங்கி இக்கருத்துக்கு உவமையாயிற்று. எல்லாத் தீமைகளையும் ஒரே எடையாக்கிவிட்டார் என்று அவரைக் குறைகூறுவோர் உண்டு. அவரோ ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தன்மை உண்டு என்றே வலியுறுத்தினார். பிழை அவருடைய கருத்தில் இருப்பதைவிட அதைப் பயன்படுத்துவோரின் வசதியில்தான் அதிகம் இருக்கிறது: பத்தில் ஏழு பொருந்துகிறது என்று மதிப்பெண் போட்டு, மீதி மூன்றில் என்ன இருக்கிறது என்று பாராமலே கடந்துவிடுவதற்கு இந்த அங்கி இடம் கொடுத்துவிடுகிறது.

இவ்விரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, வாக்கு என்பது எத்தகைய செயல் என்று முதலில் கேட்பதே பயன்தரும் என்பது என் கருத்து. இதற்கு உதவுவது, பின்னாளில் திருத்தந்தை (போப்) பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் 2004இல் அமெரிக்க ஆயர்களுக்காக எழுதிய ஒரு சுருக்கமான குறிப்பு. கருக்கலைப்பை ஆதரிக்கும் அரசியல்வாதிகளுக்கு நற்கருணை (திருப்பலியில் வழங்கப்படும் புனித அப்பம்) வழங்கலாமா என்பதே அதன் பொருள்; வாக்காளரைப் பற்றிய செய்தி கடைசியில் வெறும் பின்குறிப்பாக வருகிறது. அதன்படி, கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களிப்பவர் அத்தீமைக்கு மனமொப்பி உடந்தையாகிறார். அந்நிலைப்பாட்டை ஏற்காமல் வேறு காரணங்களுக்காக வாக்களிப்பவரின் பங்கோ தொலைவிலிருந்து செய்யும் உதவி மட்டுமே. தீமையின் எடைக்கு ஈடான காரணம் இருந்தால் அது அனுமதிக்கப்படலாம். ஆயர் பேரவை 2007இல் வெளியிட்ட வழிகாட்டி ஆவணமும் இதே தடத்தில்தான் செல்கிறது. பட்டியல் வழியினர் ‘ஈடான காரணம்’ என்ற பகுதியை மெல்லிய குரலில் வாசிக்கிறார்கள். அங்கி வழியினர் அந்தக் காரணம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதை மெல்லிய குரலில் வாசிக்கிறார்கள்.

தொலைவு என்ற அளவுகோலைக் கையில் எடுத்தால், எந்தப் பதவிக்கு வாக்களிக்கிறோம் என்பதும் அறநெறிக் கேள்வியாகிவிடுகிறது. 2022 ஜூனில் டாப்ஸ் தீர்ப்பின் வழி உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைக்கு அரசியல் சட்டக் காப்பு இல்லை என்று முடிவு செய்த பிறகு, இப்பொருளில் சட்டம் இயற்றும் பொறுப்பு பெரிதும் மாநிலங்களிடம் சென்றது. ஆகவே இதே போதனை, ஆளுநர் தேர்தலிலும் மாநிலச் சட்டமன்றத் தேர்தலிலும் முன்பைவிடக் கூடுதல் எடை பெறுகிறது. ஒகாயோ மாநிலத்தில் 2023 நவம்பரில் நடந்ததைப் போன்ற மாநில அரசியல் சட்டத் திருத்த வாக்கெடுப்பில் தொலைவு ஏறத்தாழ மறைந்தேவிடுகிறது. அங்கே வேட்பாளர் இல்லை, பிற கொள்கைகளும் இல்லை, கேள்வி ஒன்றுதான். அத்தகைய வாக்கெடுப்பில் பட்டியல் வழியே பொருத்தமானது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதிபர் தேர்தலில் அதே வழி தடுமாறுகிறது. 2024இல் கமலா ஹாரிஸ் கருக்கலைப்பு உரிமையை நாடெங்கும் சட்டமாக்க விரும்பினார்; டொனால்ட் டிரம்ப் அதை மாநிலங்களுக்கு விட்டுவிட்டு, திருச்சபை ஏற்காத சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கான செலவை அரசோ காப்பீட்டு நிறுவனங்களோ ஏற்கும் என்றும், பெருமளவில் குடியேறிகளை நாடுகடத்துவதாகவும் வாக்குறுதி அளித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், இருவருமே உயிருக்கு எதிரானவர்கள் என்று கூறி, குறைந்த தீமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அது யார் என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிட்டார்.

இருவரும் வேண்டாம் என்று ஒதுங்கும் வழியையும் ஆயர்களின் ஆவணம் விதிவிலக்காக அனுமதிக்கிறது. வாக்குரிமையைப் பயன்படுத்துவது அறநெறிக் கடமை என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூல் கூறுவதால், இதைச் சுலபமான வழியாகக் கொள்ள முடியாது. இத்தாலியில் இது பெரிய அளவில் நடந்த கதைதான். திருத்தந்தை ஆண்ட நாட்டைப் பறித்த இத்தாலிய அரசோடு உறவு வேண்டாம் என்று, 1868 முதல் நாடாளுமன்றத் தேர்தல்களில் கத்தோலிக்கர் பங்கேற்பது தகாது என உரோமை அறிவித்தது. ஆனால் சோசலிஸ்டுகள் வென்றுவிடக்கூடும் என்ற அச்சம் வளர்ந்தபோது, 1905இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆயர்கள் கேட்கும் இடங்களில் விலக்கு அளிக்கத் தொடங்கினார். 1919இல் தடையே நீங்கியது. அதே ஆண்டில் லூயிஜி ஸ்துர்சோ என்ற குரு புதிய கட்சியைத் தொடங்கி, கத்தோலிக்கரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றார்.